எரியாத பாதம்

என் இடது கால் இன்னும் என் உடம்போடு இருக்கிறது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அந்தக் காலை வெட்டியெடுக்கச் சம்மதம் கேட்கும் காகிதத்தில் என் பெயர், வயது, கட்டில் இலக்கம் எல்லாம் எழுதி, கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் × என்று ஒரு புள்ளடியும் போட்டு என்னிடம் நீட்டினார்கள். நான் கையெழுத்து வைக்கவில்லை.

கால் தப்பியதற்குப் பெருமையடிக்க இதை எழுதவில்லை. எங்கள் மலைப்பக்கத்தில் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, உள்ளவர்கள் வரவரக் கூடிக்கொண்டு போகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் வெறுங்காலோடு நடக்கிறவர்கள். என் கதையை அவர்களில் ஒருவர் வாசித்துவிட்டு ஒருமுறை தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

நான் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். வருத்தம் வந்தபோது எனக்கு நாற்பத்தேழு வயது. சீனி வருத்தம் கண்டுபிடித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆபீசில் என் வேலைகளில் ஒன்று மழை அளப்பது. ஆபீசுக்குப் பின்னால் பதினொரு படி ஏறினால் ஒரு சின்ன மேடு. அதில் செப்புக் குவளை ஒன்று பதித்திருக்கிறது. தினமும் காலை ஆறரைக்கு அதில் விழுந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, எத்தனை மில்லிமீற்றர் என்று எழுதவேண்டும். மழை இல்லாவிட்டால் பூச்சியம் என்று எழுதவேண்டும், இடத்தை வெறுமையாக விடக்கூடாது. இந்தப் பழக்கம் என் சொந்த டயரிக்கும் தொற்றிவிட்டது. மழை, உடம்பு, வீட்டு விஷயம் என்று ஒவ்வொரு நாளும் நாலு வரி எழுதாமல் நான் படுப்பதில்லை.

என் கணவர் செல்வராஜ் தோட்டத்து லொறி டிரைவர். தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அது லேசான வேலை இல்லை. ஒருமுறை போனவர் திரும்பவில்லை. வழியில் ஆமிக்காரர்கள் பிடித்துவிட்டார்கள் என்று மட்டும் தகவல் வந்தது. பதினொரு நாள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. அந்த நாட்களில்தான், அவர் உயிரோடு வந்தால் ஐந்து வருஷம் தீக்குழியில் இறங்கிப் பூ மிதிக்கிறேன் என்று எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். வந்துவிட்டார். நான் என் பங்கைச் செய்தேன்.

அந்த ஐந்து வருஷத்து டயரிக் குறிப்புகளை அப்படியே தருகிறேன்.

முதல் வருஷம்: "பூ மிதித்தேன். இரண்டு பாதமும் எரிச்சல். மூன்று நாள் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினேன்."

இரண்டாம் வருஷம்: "எரிச்சல் குறைவு. ஒரே நாளில் சரியாகிவிட்டது."

மூன்றாம் வருஷம்: "சூடு தெரிந்தது. எரிச்சல் இல்லை."

நான்காம் வருஷம்: "வெயிலில் காய்ந்த ரோட்டில் நடந்த மாதிரி."

ஐந்தாம் வருஷம்: "ஒன்றும் தெரியவில்லை. ஆத்தா!"

அந்த ஐந்தாம் வருஷம் எங்கள் பூசாரி மாரிமுத்து அண்ணன் எல்லார் முன்னாலும் என் கழுத்தில் மாலையைப் போட்டு, "கிளாக்கரம்மா காலை ஆத்தா ஏத்துக்கிட்டா! இனி வருஷா வருஷம் எனக்குப் பின்னால நீங்கதான் எறங்கணும்" என்றார். அவர் முப்பது வருஷமாக முதலில் இறங்குகிறவர். அவருக்கு அடுத்த இடம் என்றால் அது பெரிய மரியாதை. நான் அழுதுவிட்டேன். என் கையெழுத்தில், என் டயரியில், வருஷம் தவறாமல் ஒரு நோய் வளர்ந்துவந்த கணக்கு இருந்தது. அதை நான் அருள் என்று வாசித்தேன்.

திருவிழா முடிந்து பதினாறாம் நாள் காலையில் மழை அளந்துவிட்டு இறங்கும்போது கடைசிப் படியில் கால் சற்றுப் பிசகியது. விழவில்லை, வலிக்கவும் இல்லை. அன்றைய டயரியில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஐந்து நாள் கழித்து இடது செருப்பு காலுக்கு ஏறவில்லை. பாதம் சிவந்து, கணுக்கால் வரை வீங்கி, அடுப்பிலிருந்து இறக்கிய கேத்தல் மாதிரிச் சுட்டது. அந்தச் சூடு கூட என் கைக்குத்தான் தெரிந்தது. பாதத்துக்குத் தெரியவில்லை.

தோட்டத்து மருந்துக்காரரிடம் போனேன்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. வலியில்லாட்டி வருத்தமில்ல. ரெண்டு நாளைக்குக் குளிசையைப் போடுங்க."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தோட்டங்களில் எல்லாருக்கும் அதுதான் சட்டம். வலி என்று சொன்னால்தான் அரைநாள் லீவு. வலியில்லாத வீக்கத்தோடு யாரும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. நானும் போனேன். மேலும் ஒரு வாரம் அந்தக் காலோடு படி ஏறி இறங்கினேன்.

சந்தேகம் வந்தது ஒரு மழைநாளில். நனைந்த காலோடு ஆபீசின் சீமெந்துத் தரையில் நடந்து வந்து திரும்பிப் பார்த்தேன். வலது பாதத்தின் ஈரத்தடம் எப்போதும் போல நடுவில் ஒடுங்கியிருந்தது. இடது தடம் முழுதாக, ஒரு பலகையை அழுத்தி எடுத்த மாதிரி இருந்தது. பாதத்தின் வளைவைக் காணவில்லை. செல்வராஜிடம் காட்டினேன். தடம் காயும் வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். லொறி எனக்காக நிக்கட்டும்" என்றார்.

முதலில் போன ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் வலது பாதத்து எலும்புகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. இடதில் நடுப்பாத எலும்புகள் தேநீரில் நனைத்த பிஸ்கட் போல உதிர்ந்து கிடந்தன. வாட்டில் சேர்த்து, நாலு நாள் ஊசி போட்டார்கள். வீக்கம் குறையவில்லை. ஐந்தாம் நாள் சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார்.

"எலும்பில் கிருமி ஏறிவிட்டது. சீனி வருத்தக்காரருக்கு இது சகஜம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிர் தப்பும். நாளைக்கே செய்யலாம்" என்று சிங்களத்தில் சொன்னார். அப்போதுதான் அந்தக் காகிதமும் புள்ளடியும் வந்தன.

எனக்குப் பயம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் தலையணைக்குக் கீழே டயரி இருந்தது. அதை எடுத்தேன்.

"டொக்டர், கிருமின்னா காய்ச்சல் வரணும் இல்லையா? நாலு நாளா நர்ஸ் மிஸ்ஸி பார்த்த காய்ச்சல் எல்லாம் எழுதி வச்சிருக்கேன். ஒருநாளும் இல்லை. புண்ணும் இல்லை, சீழும் இல்லை. இன்னொன்று. காலையில் எழும்பும்போது சிவப்பு குறைஞ்சிருக்கு. காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தா மத்தியானத்துக்குள்ள திரும்பச் சிவக்குது. நாலு நாளும் இப்படித்தான். கிருமி காலையில் லீவு எடுக்குமா?"

கடைசிக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது. அவர் முகம் கறுத்தது.

"நீங்க டொக்டரா?"

"இல்லைங்க. கிளாக்கர்."

"அப்ப உங்க வேலையைப் பாருங்க. எங்க வேலையை நாங்க பார்க்கிறோம்."

"என் காலைப் பார்க்கிறதும் என் வேலைதானே" என்றேன். அன்று பின்னேரம் "என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்" என்ற வேறொரு காகிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வெளியேறினோம். வெளியே வந்ததும் செல்வராஜ் கேட்டார்: "சரியாத்தான் செய்றோமா?" "தெரியாது" என்றேன். அதுதான் உண்மை.

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் கால் வருத்தங்களுக்கென்றே வாரத்தில் ஒருநாள் கிளினிக் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். விடிய முதல் பஸ்ஸில் போய்த் துண்டு எடுத்தோம். இலக்கம் நாற்பத்தொன்று. நீளமான மர வாங்கில் உட்கார்ந்து ஆறு மணித்தியாலம். அங்கே இருந்தவர்களில் ஒரு கால் உள்ளவர்களை எண்ணினேன். ஒன்பதில் நிறுத்திவிட்டேன்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண், என்னை விட இளையவர். அவர் முதலில் எக்ஸ்ரேயைப் பார்க்கவில்லை, டயரியில் எழுதியிருந்ததை என்னைச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார். சிவப்பு காலையில் குறைவதைக் கேட்டதும் என்னைப் படுக்கவைத்து, இடது காலைத் தலையணைகளின் மேல் உயர்த்தி வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பத்து நிமிஷத்தில் சிவப்பு வடிந்துவிட்டது. கிருமி என்றால் அப்படி வடியாது என்றார். பிறகு ஒரு குச்சியில் ஒட்டிய நைலோன் தூண்டில் நூலை எடுத்து, "கண்ணை மூடுங்கள். நான் தொடும்போதெல்லாம் சொல்லுங்கள்" என்றார். மூடினேன். காத்திருந்தேன். ஏன் இன்னும் தொடவில்லை என்று நினைத்தேன்.

"போதும், திறங்கள். பத்து இடத்தில் தொட்டேன்."

அந்த நொடியில்தான் எனக்குப் பூக்குழி ஞாபகம் வந்தது. முதல் ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கண்டபோது கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

இந்த வருத்தத்துக்கு ஒரு பிரெஞ்சு வைத்தியரின் பெயர் வைத்திருக்கிறார்கள். கண்டி டொக்டர் சிங்களத்தில் விளக்கியதை நான் தமிழில் குறித்துக்கொண்டேன். எனக்கு விளங்கிய வரை சொல்கிறேன். எலும்பு கல் இல்லை. அதற்குள்ளே எந்நேரமும் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. ஒரு கூட்டம் பழைய எலும்பைக் கொத்தி எடுக்கும், மற்றக் கூட்டம் புதிதாகக் கட்டும். இரண்டும் சமமாக நடந்தால் எலும்பு உறுதியாக இருக்கும். எலும்பைச் சுற்றியுள்ள மெல்லிய தோலிலும், எலும்புக்கு உள்ளேயும் நரம்புகள் ஓடுகின்றன. அவை வலியை மட்டும் சொல்கிறவை அல்ல. எலும்புக்குப் போகும் இரத்தத்தை ஒரு தண்ணீர்ப் பீலி போல அளவாகத் திறந்து மூடுகின்றன, கட்டுகிற கூட்டத்துக்கும் இடிக்கிற கூட்டத்துக்கும் சொல் அனுப்புகின்றன. சீனி பல வருஷம் நரம்பை அரித்தால் பீலியை மூட ஆளில்லை. இரத்தம் வெள்ளமாகப் பாயும், இடிக்கிற கூட்டம் மட்டும் ஓயாமல் வேலை செய்யும், எலும்பு பதம் கெட்டுப்போகும். அந்த நேரம் கால் ஒருமுறை பிசகினால் போதும். மற்றவர்களுக்கு என்றால் வலி "நில்" என்று சொல்லும். என்னிடம் அப்படிச் சொல்ல வலி இல்லை. முறிந்த எலும்பின் மேலேயே நான் நடந்தேன். "இதில் இன்னும் எங்களுக்கே தெரியாத பகுதி நிறைய இருக்கிறது" என்றும் அவர் சொன்னார். அப்படிச் சொன்னதால் மற்றதையெல்லாம் நம்பினேன்.

"முதல் டொக்டர் பிழை செய்தாரா?" என்று கேட்டேன்.

"படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். காலைத் தூக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம்" என்றார்.

மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாதத்தோடு ஒட்டின மாதிரி முழங்கால் வரை பிளாஸ்டர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, இரண்டு பாதத்தின் சூட்டையும் ஒரே இடத்தில் அளந்து, திரும்பப் போடுவது. இடது பாதச் சூடு வலதை விட இரண்டு பாகைக்குள் இறங்கி, அடுத்தடுத்து மூன்று தடவை அங்கேயே நின்றால் உள்ளே இடிப்பது நின்றுவிட்டது என்று அர்த்தம். அது வரை ஓர் அடி கூட ஊன்றக்கூடாது. ஊன்றினால் எலும்பு நொறுங்கித் தோலைக் கிழிக்கும், கிழிந்தால் கிருமி ஏறும், பிறகு அந்தப் புள்ளடிதான். முதல் அளவு: இடது 35.9, வலது 30.8. வித்தியாசம் 5.1.

வாட்டில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் மாத்தளை ஹலீமா ராத்தா. சாதிக்காய் வியாபாரக் குடும்பம். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவருடைய வலது காலுக்குப் போகும் நரம்புகள் செத்துவிட்டன. அந்தக் கால் எலும்பு பிறகு சரியாக வளரவில்லை. மற்றதை விட மூன்று அங்குலம் கட்டை, தடியும் பாதிதான். குளியலறையில் மெல்ல வழுக்கியதற்கே துடை எலும்பு முறிந்துவிட்டது. நரம்பு சதையை இழுக்காவிட்டால் எலும்பு தனக்கு வேலையில்லை என்று நினைத்துக்கொள்ளும், வளராது, தடிக்காது என்று டொக்டர் விளக்கினார்.

ராத்தா அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா புள்ள? என்ட எலும்பு வேலையில்லாம சோம்பேறியாப் போன. உங்கட எலும்பு மேய்க்க ஆளில்லாம கெட்டுப் போன. ரெண்டுக்கும் ஒரே நரம்புதான் முதலாளி ஈக்கி."

"முதலாளி செத்தா தோட்டம் இப்படித்தான் ராத்தா."

"அல்லாஹ்வே, தோட்டத்துக்காரி கதைக்கிற கதை!" என்று அவர் சிரித்த சிரிப்பில் மிஸ்ஸி எட்டிப் பார்த்தார். ராத்தாவுக்கு வீட்டிலிருந்து வரும் சோற்றில் பாதி எனக்கு வரும். அவருக்குக் கால் வலிக்கும். நல்லாய் வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "உங்களுக்கு வலி ஈக்கா?" என்பார். "இல்லை" என்பேன். "எனக்குக் கொஞ்சம் தரட்டுமா?" என்பார். அந்தப் பகிடி எனக்கு மட்டும் பகிடியாக இருக்கவில்லை. வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கண்டிப் பயணம். வீட்டில் இருக்கும் நாட்களில் செல்வராஜ் காலையில் மழை அளந்து வந்து எனக்குச் சொல்வார், அரைமில்லிமீற்றர் கூடப் பிசகாமல். கிளினிக் நாட்களில் லொறியை விட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் வருவார்.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. பஸ் நின்றதும் எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, கம்பிவேலிக்குள்ளால் நடந்து மறுபக்கம் போய் ஏறவேண்டும். முதல் இரண்டு தடவை பிளாஸ்டரைக் கண்டு என்னை இருக்கச் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் தடவை புதிய ஆட்கள். ஒரு இளம் சிப்பாய் பிளாஸ்டரைத் துவக்கு முனையால் தட்டினான்.

"உள்ளே என்ன?"

"கால்."

"இறங்கி நட."

"நடக்கக்கூடாது. டொக்டர் எழுதின துண்டு இருக்கு."

துண்டு அவனுக்குப் போதவில்லை. என் பையைக் கொட்டினான். டயரி விழுந்தது. திறந்தான். பக்கம் பக்கமாக இலக்கங்கள்: 14.2, 35.1, 31.0. நடுவில் தமிழ். அவன் முகம் மாறியதைக் கண்டேன். பக்கத்தில் செல்வராஜ் யாரும் கேட்காமலே தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். பதினொரு நாள் அவர்களிடம் இருந்துவிட்டு வந்தவர் அவர். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

பெரியவர் ஒருவர் வந்தார், கோப்ரல். இலக்கங்களைக் காட்டி, "மே மொனவாத?" என்றார். இவை என்ன என்று கேட்கிறார்.

"வெஸ்ஸ, மாத்தயா" என்றேன். மழை.

"மழையா?"

"முதல் இலக்கம் மழை. அடுத்த ரெண்டும் என் பாதத்துச் சூடு. என் வேலை மழை அளக்கிறது. பதினெட்டு வருஷமா அளக்கிறேன். எந்த நாளையும் கேளுங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். டயரியில் ஒரு பக்கத்தில் விரலை வைத்து மறைத்துக்கொண்டு, "போன பௌர்ணமி, போயா தினம்?" என்றார்.

"பூச்சியம். அதுக்கு முதல்நாள் ஆறு தசம் நாலு."

விரலை எடுத்துப் பார்த்தார். "எங்கள் பக்கத்தில் மூன்று மாதமாய்ப் பூச்சியம்தான். வயல் வெடித்துக் கிடக்கிறது" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு டயரியை மூடித் தந்தார். ஆனால் சட்டம் சட்டம்தான், பஸ்ஸில் யாரும் இருக்கக்கூடாது, இறங்கித்தான் ஆகவேண்டும் என்றார்.

"இறங்குறேன். கால் வைக்க மாட்டேன்" என்றேன்.

செல்வராஜ் எனக்கு முன்னால் இறங்கினார். பஸ் படியில் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். பிளாஸ்டர் காலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு கம்பிவேலிக்குள்ளால் என்னைத் தூக்கிப் போனார். அவருடைய அடிகளை எண்ணினேன். நூற்றிரண்டு. தொடங்கும்போது ஓட்டமாக இருந்த நடை ஐம்பதாவது அடியில் நிதானமானது. வேலிக்கு அந்தப் பக்கம் வந்ததும், "கனமா இருக்கேனா?" என்றேன்.

"பிளாஸ்டர்தான் கனம். நீ பேசாம இரு" என்றார். அன்றைய வித்தியாசம் 3.2.

அடுத்த தடவை 2.4. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அங்கேதான் பிழைவிட்டேன். பிடிவாதம் என் காலைக் காப்பாற்றியது என்று எழுதுகிறவள், அதே பிடிவாதம் செய்த கெடுதலையும் எழுதவேண்டும்.

செல்வராஜ் லொறியோடு போகும் நாட்களில் ஆபீஸ் பியூன் மழை அளப்பார். அந்த வாரம் அவர் எழுதிய அளவுகள்: 10, 10, 5, 10. மழை ஒருநாளும் அப்படிப் பெய்யாது. ஜன்னலிலிருந்து பார்த்தே சொல்வேன், அந்த ஆள் படி ஏறவேயில்லை. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு ஊன்றுகோலோடு படி ஏறப் போனேன். ஏழாவது படியில் கோல் வழுக்கியது. இடது காலை ஊன்றினேன். மேலே போய்ச் சேர்வதற்குள் நாலு தடவை ஊன்றினேன். மழை 17.6. வலிக்கவில்லை. எப்படி வலிக்கும்?

டயரியில் "நாலு தடவை" என்று எழுதினேன். கிளினிக்கில் அளந்தபோது வித்தியாசம் 4.6. நான் எழுதியதை வாசித்துச் சொன்னதும் டொக்டர் டயரியை வாங்கி மூடி வைத்தார். பிறகு, "உங்களுக்கு மழை வேணுமா, கால் வேணுமா?" என்றார். திரும்பவும் முதலிலிருந்து. பிளாஸ்டர் மொத்தம் ஏழு மாதம் இருந்தது. அதில் மூன்று மாதம் அந்த நாலு அடிக்கு.

கடைசி மூன்று அளவுகள்: 1.3, 1.1, 0.9. எக்ஸ்ரேயில் உதிர்ந்த எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இறுகியிருந்தன. அழகான பாதம் இல்லை. வளைவு போனது போனதுதான். ஆனால் நடக்கலாம். ஆஸ்பத்திரிப் பட்டறையில் மெத்தென்ற ரப்பரில் என் பாதத்து அச்சுக்கு ஒரு செருப்புச் செய்து தந்தார்கள். ஒரே நிபந்தனை: சாகும் வரை வெறுங்காலோடு ஓர் அடி வைக்கக்கூடாது. வீட்டுக்குள்ளும்.

"கோயிலுக்குள்ளயும்?" என்று கேட்டேன்.

"உங்கள் பாதத்துக்குக் கோயிலும் ரோடும் வித்தியாசம் தெரியாது" என்றார் டொக்டர். கிளம்பும்போது அந்தத் தூண்டில் நூல் குச்சியில் ஒன்றை என்னிடம் தந்தார். "உங்கள் தோட்டத்தில் பாருங்கள், எழுதுகிற ஆள்தானே."

சித்திரையில் திருவிழா. ஐந்து வருஷ நேர்த்தி முடிந்தாலும் பூசாரி அண்ணனுக்குப் பின்னால் என் இடம் எனக்காக இருந்தது. நான் இறங்காவிட்டால் என்ன பேச்சு வரும் என்று தெரியும். வந்தது. ஆத்தா காலை வாங்கப் பார்த்தாள், இவள் கொடுக்கவில்லை என்றார்கள். பின்னேரம் நாலு மணிக்குப் போனேன். ரோட்டில் போடாத, கோயிலுக்கென்றே செய்வித்த இன்னொரு சோடி ரப்பர் செருப்பை வாசலில் மாற்றிப் போட்டு, கழற்றியதைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே காலை வைத்தேன். மேளம் நின்றது.

பூசாரி அண்ணன் மஞ்சள் வேட்டியோடு, கையில் காப்போடு வந்தார். அவர் கோபக்காரர் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"கிளாக்கரம்மா, பூ மிதிக்க வேணாம், விடுங்க. செருப்பை மட்டும் கழட்டிட்டு வந்து கும்பிடுங்க. ஒரு நிமிசம். ஆத்தா பார்த்துக்குவா."

"ஆத்தா பார்த்துக்குவாங்க அண்ணே. நானும் பார்த்துக்கணும்."

"சனம் என்ன சொல்லும்? ஒங்களுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. முப்பது வருஷமாக முதலில் இறங்குகிறவர். ஒரு கொப்புளம் கூட வந்ததில்லை என்று தோட்டமே பேசும். அவருக்குச் சீனி வருத்தம் வந்து எத்தனை வருஷம் என்றும் தோட்டத்துக்கே தெரியும். கோயில் பந்தியில் அவர் மட்டும் பாயசம் வாங்குவதில்லை.

"சரிங்க, ஒரு பந்தயம்" என்றேன். "இந்தத் திட்டுல உக்காந்து கண்ணை மூடுங்க. நான் ஒங்க பாதத்தைத் தொடுறேன். தொடுறப்ப எல்லாம் சொல்லுங்க. பத்துல அஞ்சு சரியாச் சொன்னாலும் போதும். இங்கேயே செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட ஆத்தா முன்னால போறேன்."

சனத்தில் சிரிப்பு எழுந்தது. "சின்னப்புள்ள வெளையாட்டு" என்றார் பூசாரி அண்ணன். ஆனாலும் உட்கார்ந்தார், காலை நீட்டினார், கண்ணை மூடினார். செல்வராஜ் என் தோளைப் பிடித்தார். நான் தோற்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஏழு மாதத்தை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

முழங்காலிட்டு உட்கார்ந்து நூல் குச்சியை எடுத்தேன். இடது பெருவிரல். சின்ன விரல். விரல்களுக்குக் கீழே. நடுப்பாதம். குதிகால். நூல் வளையும் வரை அழுத்தினேன். பிறகு வலது பாதம், அதே வரிசை. சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. மேளக்காரர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். கடைசியில் பூக்குழியில் கரி வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பூசாரி அண்ணன் கண்ணைத் திறக்காமல் சிரித்தார்.

"என்னாங்க கிளாக்கரம்மா, பயந்துட்டீங்களா? ஆரம்பிங்க."

நான் டயரியை எடுத்து எழுதினேன். இடது: ஐந்தில் பூச்சியம். வலது: ஐந்தில் பூச்சியம். பிறகு என் பையிலிருந்த ரோட்டுச் செருப்புச் சோடியை எடுத்து, கண்ணை மூடியிருந்த அவர் பாதங்களின் பக்கத்தில் வைத்தேன்.